கிராப்ஸ் பழகும் கதை: கம் பந்தயம் ஒருவழியாகப் பிடிபட்டது

இரண்டு பகடையை உருட்டிப் பந்தயம் கட்டும் கேசினோ ஆட்டமான கிராப்ஸில், கம் பந்தயம் கைக்கு வந்துவிட்டது! நேற்று ராத்திரி மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடினோம். காசு கிடையாது, சட்டைப் பொத்தான்கள்தான் பந்தயம். பகடை ஒரு சுற்று முழுக்கக் கை மாறி வரும்வரை, "இரு, இரு, இது இப்போ ஜெயமா தோல்வியா?" என்று யாருமே ஆட்டத்தை நிறுத்தவில்லை. கிராப்ஸ் பழகுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

எலும்புக்கூட்டை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் வட்ட வில்லைக்குப் பக் என்று பெயர். அது கறுப்புப் பக்கம், ஆஃப் என்று இருந்தால் கம் அவுட், அதாவது முதல் வீச்சு. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7, 11 வந்தால் பாஸ் லைனுக்கு, அதாவது பகடை உருட்டுகிறவர் (ஷூட்டர்) பக்கம் கட்டும் பந்தயத்துக்கு ஜெயம். 2, 3, 12 வந்தால் பந்தயம் போச்சு, ஆனால் பகடை ஷூட்டரிடமே இருக்கும். மிச்சமுள்ள 4, 5, 6, 8, 9, 10 இல் எது வந்தாலும் அதுதான் பாயின்ட். பக்கை வெள்ளைப் பக்கம் திருப்பி அந்த எண்ணின் மேல் வைக்கிறோம். அதன் பிறகு 7க்கு முன்னால் பாயின்ட் வந்தால் ஜெயம், அடுத்த கம் அவுட்டும் அதே ஷூட்டருக்கு. பாயின்டுக்கு முன்னால் 7 வந்தால் செவன் அவுட், பகடை அவருக்கு இடப்பக்கம் இருப்பவரிடம் போகும்.

இந்த இரண்டு கட்டங்களின் குணம் எண்ணிப் பார்த்தால்தான் புரியும். இரண்டு பகடை 36 விதமாக விழலாம். கம் அவுட்டில் பாஸ் லைனை ஜெயிக்கவைப்பது 8 விதம், தோற்கடிப்பது 4 விதம், பாயின்டில் கொண்டுபோய் விடுவது 24 விதம். அதாவது முதல் கட்டம் நம் பக்கம், தோல்வி ஒன்றுக்கு ஜெயம் இரண்டு. பாயின்ட் விழுந்ததும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 4 அல்லது 10 என்றால் மூன்றில் ஒரு வாய்ப்புதான். 5, 9 என்றால் ஐந்தில் இரண்டு. 6, 8 என்றால் பதினொன்றில் ஐந்து. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 495க்கு 244 ஜெயம், கேசினோவுக்கு லாபம் 1.41 சதவீதம். பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைன் பந்தயத்தை ஏன் எடுக்கவிடமாட்டார்கள் என்பதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. நமக்குச் சாதகமான கட்டத்தை அனுபவித்துவிட்டு, பாதகமான கட்டம் வந்ததும் எழுந்து போக முடியாது. பாஸ் லைனுக்கு எதிராக, டோன்ட் பாஸ் வைத்தவர் மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சாதகமே அப்போதுதான் தொடங்குகிறது, அதனால் அவர் எடுத்தால் கேசினோவுக்குச் சந்தோஷம்தான்.

இதுவரை யாரும் திணறுவதில்லை. எங்கள் மேஜையில் ஆட்டம் நின்றதெல்லாம் கம் பந்தயத்தில்தான். பாயின்ட் விழுந்த பிறகு "கம்" என்று எழுதிய பட்டையில் வைக்கும் பந்தயம் அது. அதற்கு அடுத்து விழுகிற வீச்சே அதன் சொந்தக் கம் அவுட். 7, 11 வந்தால் அது ஜெயம்; 2, 3, 12 வந்தால் தோல்வி; வேறு எண் வந்தால் அந்த எண்ணின் பெட்டிக்குள் நகர்ந்து, தன் சொந்தப் பாயின்டுக்காகக் காத்திருக்கும். விதி இவ்வளவுதான். ஆனால் மேஜையில் பெரிய பக் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது காட்டுவது பாஸ் லைனின் கட்டத்தை மட்டும். கம் பந்தயம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர் பக்கைப் பார்த்தே எல்லாப் பந்தயத்தையும் தீர்மானிக்கப் பார்க்கிறார், அங்கேதான் முடிச்சு விழுகிறது. கட்டம் என்பது மேஜைக்கு இல்லை, பந்தயத்துக்கு. கிராப்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே இதைச் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேசினோவில் டீலர் இருக்கிறார், அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். நீங்கள் மேஜையோரம் எங்கே நிற்கிறீர்களோ, அதே வரிசையில் எண் பெட்டிக்குள் உங்கள் சிப்பை வைப்பார். இடத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வழக்கம். வீட்டில் டீலர் ஏது? அதனால் ஒவ்வொரு கம் பந்தயத்துக்கும் ஒரு குட்டி பக் செய்தேன். கெட்டி அட்டையில் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை, விளிம்பில் ஆளுக்கொரு நிறம். கம் பட்டையில் இருக்கும்போது கறுப்புப் பக்கம் மேலே, பொத்தான் அதன் மேல். எண் பெட்டிக்கு நகரும்போது வட்டைத் திருப்பி வெள்ளையாக்கி வைக்கிறோம். அந்தத் திருப்பும் வேலையை வேறு யாரும் செய்யக்கூடாது, பந்தயம் வைத்தவர் கையாலேயே செய்யவேண்டும். கை திருப்பினால்தான் மனதில் கட்டம் மாறுகிறது. விளிம்பு நிறத்துக்கு ஸ்கெட்ச் பேனா தேய்ந்து போய்விடுகிறது, அக்ரிலிக் பெயின்ட்தான் நிற்கிறது. வட்டின் கனமும் முக்கியம். மெல்லிய அட்டை என்றால் பகடை உரசினாலே பறக்கிறது. இரண்டு அடுக்கு ஒட்டி, புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் கல்லு மாதிரி உட்கார்ந்துவிடும்.

நேற்று ஒரு ஷூட்டரின் கையில் விழுந்த வரிசையை அப்படியே தருகிறேன், பாடத்துக்கு இதைவிட நல்ல வரிசை அமையாது. பாஸ் லைனில் 1 பொத்தான். முதல் வீச்சு 11, ஒன்று கிடைத்தது. அடுத்து 8, பாயின்ட். பாஸ் லைன் பொத்தானுக்குப் பின்னால் ஆட்ஸ், அதாவது பாயின்ட் விழுந்த பிறகு சேர்த்து வைக்கும் கூடுதல் பந்தயம், 5 பொத்தான் வைத்தார் (இதன் விகிதக் கணக்கு கீழே வருகிறது), கம் பட்டையில் 1. விழுந்தது 5. கம் பொத்தான் 5இன் பெட்டிக்குப் போயிற்று, வட்டு வெள்ளையானது, அதன் மேல் ஆட்ஸ் 4. மறுபடி கம் பட்டையில் 1. விழுந்தது 3. பட்டையில் இருந்தது மட்டும் போச்சு. 3 என்பது பாயின்டையோ பெட்டியில் இருப்பதையோ தொடாது. மறுபடி 1. விழுந்தது 5. பெட்டியில் காத்திருந்த பழைய பந்தயம் ஜெயித்தது, பட்டையில் இருந்த புதியது அதே 5இன் பெட்டிக்குப் போகவேண்டும். பழையதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புதியதை நகர்த்துவதற்குப் பதிலாக, எதையும் அசைக்காமல் ஜெயித்த தொகையை மட்டும் பட்டையில் இருக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இதற்கு "ஆஃப் அண்ட் ஆன்" என்று பெயர். 1க்கு 1, ஆட்ஸ் 4க்கு 6, மொத்தம் 7 பொத்தான். பட்டையில் கிடந்ததையும் அவர் எடுத்துக்கொண்டார். முதல்முறை பார்ப்பவருக்கு ஏதோ கண்கட்டு வித்தை போலத் தெரியும், கணக்கு சரிதான்.

அடுத்த வீச்சு 8. பாயின்ட் அடித்தாயிற்று, 1க்கு 1, ஆட்ஸ் 5க்கு 6. பெரிய பக் கறுப்புக்குத் திரும்பியது, பாஸ் லைனில் புதிதாக 1 வைத்தார். ஆனால் 5இன் பெட்டியில் குட்டி வட்டு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது! மேஜை கம் அவுட்டில், அந்தப் பந்தயம் பாயின்ட் கட்டத்தில். இந்த நிலைமையில் 7 விழுந்தது. பாஸ் லைனுக்கு ஜெயம், 5இல் இருந்த கம் பொத்தானுக்குத் தோல்வி, ஒரே வீச்சில். அதன் மேலிருந்த ஆட்ஸ் 4ஐ அப்படியே திருப்பிக் கொடுத்தோம். பகடையும் அவரிடமே இருந்தது, ஏனென்றால் கம் அவுட்டில் விழும் 7 செவன் அவுட் இல்லை. எங்கள் மேஜையில் முன்பெல்லாம் கால் மணி நேர வாக்குவாதம் நடக்கும் இடம் இது. நேற்று நாலு பேரும் வட்டைப் பார்த்தார்கள், கொடுக்கல் வாங்கல் முடிந்தது, அடுத்த வீச்சு.

அந்த ஆட்ஸ் ஏன் திரும்பி வருகிறது? கம் அவுட்டில் எல்லோரும் 7 வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டிய 7 வந்து பெட்டியில் இருக்கும் பெரிய ஆட்ஸை அடித்துக்கொண்டு போனால் வயிறு எரியும். அதனால் கம் அவுட் வீச்சுக்கு கம் ஆட்ஸ் தானாகவே ஆஃப். வேலை செய்யவேண்டும் என்றால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: அந்த வீச்சில் 5 வந்திருந்தால், பொத்தானுக்கு 1 கிடைக்கும், ஆட்ஸ் ஜெயிக்காமல் சும்மா திரும்பும். அதேபோல, பாயின்ட் கட்டத்தில் 7 விழுந்தால் பாஸ் லைனும் பெட்டியில் இருப்பவையும் போகும், ஆனால் அப்போதுதான் கம் பட்டையில் வைத்த கறுப்பு வட்டுப் பொத்தான் மட்டும் ஜெயிக்கும். அதற்கு அது கம் அவுட் 7 அல்லவா!

ஆட்ஸுக்கு நாங்கள் வைத்திருப்பது 3-4-5 விதி. 4, 10க்கு அதிகபட்சம் மூலப் பந்தயத்தைப் போல மூன்று மடங்கு, 5, 9க்கு நான்கு, 6, 8க்கு ஐந்து. கொடுக்கும் விகிதம் முறையே 2க்கு 1, 3க்கு 2, 6க்கு 5. பெருக்கிப் பாருங்கள், முழு ஆட்ஸ் வைத்திருந்தால் எந்தப் பாயின்ட் ஆனாலும் வருவது ஆறு மடங்குதான். டீலர் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். கேசினோ ஒரு பைசாகூட லாபம் பிடிக்காத பந்தயம் ஆட்ஸ் என்பதால், அதை ஒதுக்கிவிட்டு எனி செவன் (அடுத்த வீச்சே 7 என்று கட்டுவது) மாதிரி 16.67 சதவீதம் பிடுங்கும் பந்தயங்களை நடுமேஜையில் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பகடை விஷயம். கேசினோ பகடை என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு ஆன்லைன் வியாபாரி, முனை மழுங்கிய, குழி விழுந்த புள்ளிகள் உள்ள சாதாரணப் பகடையை அனுப்பிவைத்தார். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தும்விட்டார். உண்மையான கேசினோ பகடை முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். முனைகள் கூர்மையாக இருக்கும், உள்ளே பார்க்க முடிகிற கண்ணாடித் தன்மை இருக்கும், புள்ளிகளைத் தோண்டி அதே எடையுள்ள பொருளால் நிரப்பி மட்டமாக்கியிருப்பார்கள். விரலால் தடவினால் புள்ளி தட்டுப்படவே கூடாது. கேசினோக்கள் பயன்படுத்தி முடித்து, துளை போட்டோ வட்டம் கீறியோ செல்லாததாக்கி விற்கும் பகடைகள் வீட்டு ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். வாங்கும்போது வரிசை எண் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள்.

பகடை மோதித் திரும்பும் பின்சுவருக்கு ரப்பர் பிரமிடு இன்னும் கிடைக்கவில்லை. ஒலி அடக்கப் பயன்படும் கூம்பு நுரையை ஒட்டிப் பார்த்தேன். துள்ளல் போதவில்லை, பகடை நுரைக்குள் செருகிச் சாய்ந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் பலகை வைத்து, நுரையை இன்னும் மெல்லியதாக வாங்கிப் பார்க்கவேண்டும். ஒரு ஷூட்டர் சராசரியாக எட்டரை வீச்சு வரை பகடையை வைத்திருப்பார் என்பது கணக்கு. 2009இல் அட்லான்டிக் சிட்டியில் பட்ரீஷியா டிமாரோ செவன் அவுட் ஆகாமல் 154 வீச்சு போட்டார். அந்த மாதிரிக் கை ஒன்று எங்கள் மேஜையில் வந்தால் இந்த நுரை தாங்காது.

இனி டோன்ட் கம். அதே வட்டு முறைதான், ஆனால் எல்லாம் தலைகீழ்: கம் அவுட்டில் பயப்படவேண்டும், எண் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் 7ஐ எதிர்பார்க்கவேண்டும், 12 வந்தால் ஜெயமும் இல்லை தோல்வியும் இல்லை. அந்த 12ஐ விலக்காமல் விட்டால் சாதகம் ஆடுகிறவர் பக்கம் போய்விடும் என்பதால்தான் இந்த விதி. கம் வட்டோடு கலந்துவிடாமல் இருக்க டோன்ட் கம்முக்குச் சதுர வில்லைகள் வெட்டத் தொடங்கியிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. அதன் ஆட்ஸ் குறைய வாங்க நிறைய வைக்கும் கணக்கு, 4க்கு எதிராக 2 வைத்தால் 1 வரும். அதனால் பொத்தான் டப்பாவில் இருப்பது பத்தாது, இன்னொரு டப்பா சேர்த்த பிறகுதான் அந்தச் சுற்று.