ஐபேக் பசங்களும் நம்ம கட்சிக்காரங்களும்

ஐபேக்னா, காசு வாங்கிட்டு கட்சிகளுக்கு தேர்தல் வேலை பாக்குற பிரசாந்த் கிஷோர் ஆரம்பிச்ச கம்பெனி. 2014-ல மோடி, 2015-ல நிதிஷ், 2021-ல இங்க ஸ்டாலின், அதே நேரம் அங்க மம்தா, பிரசாந்த் கிஷோருக்கு கொள்கையாவது ஒண்ணாவது, கிளையன்ட் யாரோ அவங்கதான் கட்சி (மோடிக்கு பண்ணப்போ கம்பெனி பேரு வேற, அத விடுங்க).

நான் யோசிக்கிறது கட்சிக்காரன பத்தி. காலங்காலமா சுவரெழுதி, போஸ்டர் ஒட்டி, பூத் சிலிப் குடுத்தவன் முன்னாடி லேப்டாப்போட ஒரு ஐபேக் பையன் வந்து, சர்வேல உங்க தொகுதி வீக்கா இருக்கு சார்னா எப்படி இருக்கும், மாவட்டச் செயலாளர் மூஞ்சிய நெனச்சுப் பாருங்க! ஸ்லோகன்லேர்ந்து மீம் வரைக்கும் ஐபேக் பசங்க கைலதான், ஆனா இதுக்கெல்லாம் எவ்ளோ சம்பளம்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாய தெறக்க மாட்டாங்க.

2021-ல ரிசல்ட் வந்த அன்னிக்கே இந்த வேலைய விடுறேன்னாரு கிஷோர். அப்புறம் சொந்தமா ஜன் சுராஜ்னு கட்சி ஆரம்பிச்சு 2025-ல பீகார்ல நிறுத்தினாரு, ஒரு சீட்டு கூட வரல.