பாரிஸில் ஒரு சர்வேயர் தேடிப்போன கோடு

பாரிஸ் நகரத்தின் நடுவே வடக்கு தெற்காக ஒரு கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடுதான். ஆனால் அது போகிற பாதையில் 12 சென்டிமீட்டர் விட்டத்தில் வெண்கல வில்லைகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 'அராகோ' என்று ஒரு பெயர், வடக்குக்கும் தெற்குக்கும் ஒவ்வோர் எழுத்து. 1994-ல் யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞர் 135 வில்லைகளைப் பதித்தார். இப்போது எல்லாம் இல்லை, பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். லூவ்ர் வளாகத்திலும் சில இருக்கின்றன. மோனா லிசாவைப் பார்க்க ஓடுகிற கூட்டம் அவற்றை மிதித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

இதுதான் பாரிஸ் தீர்க்கரேகை. கிரீன்விச்சுக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்களின் வரைபடங்களுக்கெல்லாம் இதுதான் பூஜ்யம்.

நான் நில அளவைத் துறையில் செயின் இழுத்தும் கல் நட்டும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். மகள் பாரிஸுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். "எங்கப்பா போகணும்?" என்று கேட்டாள். வோஜிரார் தெரு, 36-ஆம் நம்பர் என்றேன். "அங்கே என்ன இருக்கு?" என்றாள். மீட்டர் இருக்கிறது என்றேன்.

உண்மையிலேயே இருக்கிறது. லுக்சம்பர்க் அரண்மனைக்கு, அதாவது அவர்களுடைய செனட் கட்டடத்துக்கு எதிரே, வளைவுகள் வைத்த நடைபாதைச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை. தலைப்பில் 'மீட்டர்' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது, கீழே ஒரு மீட்டர் நீளம். அவ்வளவுதான். 1796, 97-ல் இப்படிப் பதினாறு பலகைகளை ஊரெங்கும் வைத்தார்கள். அன்றைக்கு பிரான்ஸில் ஊருக்கு ஊர் ஓர் அளவு. நம்மூரில் குழிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறிய மாதிரியே. துணிக்காரன் அளந்து கொடுத்ததைச் சந்தேகப்பட்டால், நேரே இந்தச் சுவருக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான். பலே ரொயால் பக்கம் வாந்தோம் சதுக்கத்தில் இன்னொன்று உண்டு, ஆனால் அது பிற்பாடு இடம் மாறியது.

பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் டேப் வைத்திருப்பேன். வைத்துப் பார்க்காமல் வர மனசு வரவில்லை. மகள் இரண்டடி தள்ளி நின்று, என்னைத் தெரியாதவள் மாதிரி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது.

இந்த ஒரு மீட்டரைக் கண்டுபிடிக்க இரண்டு பிரெஞ்சு வானியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று வைத்துக்கொள்வது திட்டம். துருவம் வரை யார் போவது? அதனால் பாரிஸ் கோட்டின் மேலேயே வடக்கே டன்கர்க்கிலிருந்து தெற்கே பார்சலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்து, மீதியைக் கணக்கில் வரவழைத்தார்கள். 1792-ல் கிளம்பினார்கள். வடக்குப் பாதி தெலாம்பருக்கு, தெற்குப் பாதி மெஷேனுக்கு. முடிய ஆறேழு வருடம் ஆயிற்று.

நடுவில் பிரெஞ்சுப் புரட்சி. தெலாம்பர் தூரத்திலிருந்து பார்க்க அடையாளத்துக்காக வெள்ளைத் துணி கட்டினால், அது ராஜா கட்சிக் கொடி என்று ஊர்ஜனம் சூழ்ந்துகொண்டது. அப்புறம் சிவப்பும் நீலமும் சேர்த்துக் கட்டிச் சமாளித்தார். கிராமத்தில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நிறுத்திய எந்தச் சர்வேயருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. "யார் சொல்லி அளக்கறீங்க?" என்று கேட்காத ஊர் உண்டா?

மெஷேன் கதை வேறு மாதிரி. பார்சலோனாவில் இரண்டு இடங்களில் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை எடுத்தார். இரண்டும் ஒத்துவரவில்லை, மூன்று விகலை அளவுக்கு வித்தியாசம் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் விகலை). போருக்கு நடுவில் திரும்பப் போய் அளக்க வழியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பாரிஸுக்குத் திரும்பிப் பாராட்டு வாங்கியபோதும் சொல்லவில்லை. அதைச் சரிசெய்யும் எண்ணத்தோடு, கோட்டை இன்னும் தெற்கே நீட்டுகிறேன் என்று மறுபடி ஸ்பெயின் போய், 1804-ல் அங்கேயே மஞ்சள் காய்ச்சலில் செத்தார். அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்தபோதுதான் தெலாம்பருக்கு விஷயம் தெரிந்தது. வெளியே தூற்றாமல் ஏடுகளை பாரிஸ் வானாய்வகமான அப்சர்வேட்டரியில் சேர்த்துவைத்தார். மீட்டர் உண்மையிலேயே 0.2 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் மெஷேன் இல்லை. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டை என்று அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு சரியில்லை. எல்லையைச் சுற்றிவந்து ஆரம்பித்த கல்லிலேயே முடிக்கும்போது லிங்க்ஸ் கணக்கு ஒத்துவராமல் இடித்தால் ராத்திரி தூக்கம் வராது. அந்த மனுஷன் பத்து வருடம் எப்படித் தூங்கினார் என்று தெரியவில்லை.

பாதியில் நின்ற வேலையைத் தொடரப் போனவர்களில் ஒருவர்தான் அந்த வில்லைகளில் பெயர் இருக்கிற அராகோ. மலை உச்சியில் தீ மூட்டி சிக்னல் கொடுத்ததைப் பார்த்து, உளவாளி என்று மயோர்கா தீவில் சிறையில் அடைபட்டார். அப்சர்வேட்டரிக்குத் தெற்கே அவர் பெயர் கொண்ட சாலையை ஒட்டி ஒரு பீடம் நிற்கிறது, மேலே சிலை இல்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் 1942-ல் வெண்கலத்துக்காக உருக்கிவிட்டார்கள். தரை வில்லைகள் அந்தச் சிலைக்குப் பதிலாக வந்தவைதான். சிலையைவிட இது நல்ல யோசனை என்பேன்.

என் மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. பலே ரொயால் தோட்டத்தில் நிழலில் உட்கார்ந்ததுதான் அவளுக்குப் பிடித்தது. அங்கேயும் இந்தத் தீர்க்கரேகைக் கோட்டை ஒட்டி ஒரு விளையாட்டு உண்டு. 1786-ல் ஒரு கடிகாரக்காரர் சின்ன பீரங்கி வைத்தார். உச்சி வெயில் கண்ணாடி வில்லை வழியே விழுந்து மருந்தைப் பற்றவைக்கும், மத்தியானம் ஆயிற்று என்று ஊர் தெரிந்துகொள்ளும். 1998-ல் அதைத் திருடிவிட்டார்கள், இப்போது இருப்பது நகல். மத்தியானம் என்றதும் ஒன்று. கிரீன்விச்சை ஏற்க இவர்களுக்கு மனசே வரவில்லை. 1911-ல் சட்டம் போட்டபோதும் கிரீன்விச் நேரம் என்று எழுதாமல், 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது' என்று எழுதினார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன என்று மருமகன் கேட்டார். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போடுகிறோமே, மாப்பிள்ளை, அந்த ஏர் 1795-ல் மீட்டரோடு ஒரே பிரெஞ்சுச் சட்டத்தில் பிறந்தது என்றேன். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். 1802-ல் பரங்கிமலையில் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அடிக்கோடு, அதாவது முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் கோடு, அளந்து இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருக்கு லண்டனிலிருந்து வந்த அரை டன் தியோடலைட்டைக் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸில் இறக்கினார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். அதே கருவிதான் 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கோபுரத்தில் மோதி நசுங்கியது.

நேரம் இருப்பவர்கள் தெற்கே மோன்சூரி பூங்கா வரை போகலாம். அப்சர்வேட்டரிக் கருவிகளைத் திசை பார்த்து நிறுத்த 1806-ல் நட்ட கல் தூண் அங்கே இருக்கிறது. அதில் 'இன்னாருடைய ஆட்சியில்' என்ற வரியில் நெப்போலியன் பெயரை மட்டும் உளியால் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். மோன்மார்த்தரில் வடக்குத் தூணும் உண்டு, 1736-ல் வைத்தது, ஆனால் தனியார் இடத்துக்குள் இருப்பதால் பார்க்க முடியாது.

பேரன் அடம்பிடித்ததால் ஐஃபெல் கோபுரத்துக்கும் போனோம். முதல் தளத்துக்குக் கீழே சுற்றிலும் 72 விஞ்ஞானிகள், பொறியாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. அராகோ இருக்கிறார். தெலாம்பர் இருக்கிறார். நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தேன், மெஷேனை விட்டுவிட்டார்கள். கோட்டின் தெற்குப் பாதி முழுக்க அவர் அளந்தது. எழுபத்து மூன்றாவதாக அவர் பெயரையும் போட்டிருக்கலாம்.