சில்க் போர்டில் கொதித்த வண்டி

நேற்று சாயங்காலம் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரில் 112 டிகிரி, கூடவே சிவப்பு விளக்கு. உடனே எஞ்சினை அணைத்து ஓரமாகத் தள்ளினேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் ஃபேன் சுற்றும் சத்தமே இல்லை. வேகமாகப் போனால் எதிர்காற்றே போதும், சிக்னலில் நிற்கும்போது ஃபேன்தான் கதி.

ஒரு தர்மபுரி அண்ணன் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊத்துங்க தம்பி."

"வேண்டாம்ண்ணா, சூட்டில் திறந்தா உள்ளே கொதிக்கிற கூலன்ட் திரவம் முகத்தில் பீச்சியடிக்கும்."

ஆறும்வரை முக்கால் மணி நேரம் கூடவே நின்றார். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஃபேன் இறக்கையை விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. மழைத்தண்ணீர் இறங்கி மோட்டார் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது.

இன்று ஜே.சி. ரோட்டில் புது ஃபேன் மோட்டார் வாங்கி மாட்டியாச்சு. அண்ணா, பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி.