எக்ஸ் பெரியதா, எக்ஸ் வர்க்கம் பெரியதா?

"வர்க்கம்தான் பெரியது, இதிலென்ன சந்தேகம்?"

கேள்வியை முழுதாகப் படிப்பதற்குள் தங்கை விடையைக் குறித்துவிட்டாள். வெளிநாட்டில் மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான பயிற்சித் தேர்வு அது. எக்ஸ் ஒரு மிகை எண் என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

2 போட்டால் 4, சரி. 1 போட்டால் இரண்டும் சமம். அரையைப் போட்டால் வர்க்கம் காலாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, ‘தீர்மானிக்க முடியாது’ என்பதே விடை.

முழு எண் என்று யார் சொன்னார்கள்? அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஒப்பீட்டுக் கேள்விகள் பிழைப்பு நடத்துவதே இந்த நினைப்பை வைத்துத்தான். தடை சொல்லாத இடத்தில் பூஜ்யம், ஒன்று, பின்னம், குறை எண் எல்லாவற்றையும் ஒருமுறை உள்ளே அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அவளுக்கு நுண்கணிதம் தண்ணீர் பட்ட பாடு. இந்தத் தேர்விலோ அது கிடையவே கிடையாது! பள்ளிக் கணக்குதான். 20 சதவீதம் ஏற்றி, 20 சதவீதம் இறக்கினால் பழைய விலை வராது, 4 சதவீதம் குறையும். இதில்தான் பெரிய படிப்பாளிகளும் சறுக்குகிறார்கள்.

2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். கணக்குப் பகுதிக்கு 27 கேள்விகள், 47 நிமிடங்கள். திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் 25-இல் 16 சதவீதம் காண அதை ஏன் தேட வேண்டும்? திருப்பிப் போட்டால் 16-இல் கால் பங்கு, 4.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. தெரியாத கேள்வியையும் காலியாக விடாதே என்றேன். அதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டாள்.