சுவரோரம் தெரிந்தது

காற்று வால்வைத் திறந்ததும் படுகை உயரும் என்றுதான் எதிர்பார்த்தேன். இறங்கியது.

ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, 15 செ.மீ. உள்விட்டமுள்ள ஓர் அக்ரிலிக் குழாய். அடியிலிருந்து தண்ணீர் ஏறும். அந்த ஓட்டத்தில் 1 மி.மீ. கண்ணாடி மணிகள் மிதந்து ஆடும். 60 செ.மீ. உயரத்தில் நின்ற மணிப்படுகை, காற்றும் சேர்ந்தவுடன் நாலு விரற்கடை கீழே போய் நின்றது. எங்கோ கசிகிறது என்று எல்லா மூட்டுகளையும் துடைத்துப் பார்த்தேன். ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரைக் கழற்றி மாட்டினேன். மணிகள் தப்பிவிட்டனவோ என்று மேல் வலையையும் சோதித்தேன். அரை நாள் வீண். வழிகாட்டி வந்து, “ஒரே ஒரு குமிழியை மட்டும் பாருங்கள். அதன் பின்னால் என்ன போகிறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பின்னால் போனது தண்ணீர். ஒவ்வொரு குமிழியும் தன் முதுகுக்குப் பின்னே கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு விரைகிறது. ஒரு பங்கு இப்படிக் குறுக்குவழியில் ஓடிவிடுவதால், மணிகளைத் தாங்க மிஞ்சும் ஓட்டம் மெலிகிறது; மணிகள் நெருங்கிவிடுகின்றன. பிறகு 6 மி.மீ. மணிகளைப் போட்டோம். அவை குமிழிகளை உடைத்துத் தள்ளின. காற்று கூடக்கூடப் படுகை விரிந்தது.

காற்று, நீர், மணி ஆகிய மூன்றின் பங்கையும் கணக்கிடுவது காகிதத்தில் எளிது. மணிகளின் எடையும் படுகையின் உயரமும் தெரிந்தால் திண்மத்தின் பங்கு வந்துவிடும். அழுத்தச் சரிவு, அதாவது மேலே போகப் போக அழுத்தம் குறையும் அளவு, இன்னொரு சமன்பாடு. மூன்றும் சேர்ந்தால் ஒன்று என்பது மற்றொன்று. என்னை அலைக்கழித்தது, அந்த அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரின் குழாய். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு அழுத்தத் துளைகள். ஒன்றின் நிமிர்ந்த இணைப்புக் குழாயில் 1 செ.மீ. நீளத்துக்குக் காற்று அடைத்திருந்தாலே காற்றின் பங்கு 0.1 பிசகிவிடும். நான் அளக்க முயன்றதே அவ்வளவுதான்! ஒவ்வொரு நாள் காலையும் அந்தக் குழாய்களைச் சுண்டிச் சுண்டிக் காற்றை வெளியேற்றுவதே என் முதல் கடமை ஆயிற்று.

ஒருமுறை யாரோ அக்ரிலிக் குழாயைச் சோப்பால் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை. குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாக நின்று, தண்ணீர் பாலாய்த் தெரிந்தது. ஒரு வாரத்து அளவுகள் குப்பைக்குப் போயின.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஏமாற்றியது அந்தக் கண்ணாடி போன்ற சுவர்தான். எல்லாமே தெரிகிறது என்று நம்பினேன். சுவரோரம் மணிகள் கீழே சரிந்துகொண்டிருந்தன. குமிழிகளும் அங்கே குறைவு. பின்னர் ஒளியிழை முனையைச் செருகி, சுவரிலிருந்து நடுவுக்கு அரை அரை செ.மீட்டராக நகர்த்தினேன். முனை காற்றில் இருந்தால் ஒளி திரும்பும், நீரில் இருந்தால் வெளியேறிவிடும். அதனால் ஒவ்வொரு குமிழியும் திரையில் ஒரு துடிப்பாக விழும். சுவரருகே எண்ணிவிடலாம்போல இருந்த துடிப்புகள் நடுவில் அடர்ந்து குவிந்தன. குமிழிகள் நடுவே திரண்டு ஏற, நீரும் அங்கே மேலெழுந்து, ஓரமாகத் திரும்பி இறங்குகிறது. நான் ஒரு மாதமாகப் பார்த்துக் குறித்ததெல்லாம் அந்த இறக்கத்தை மட்டுமே.

என் பழைய குறிப்பேட்டில் அந்த மாதத்துப் படங்கள் இன்னும் இருக்கின்றன. அம்புக்குறிகள் எல்லாம் கீழ்நோக்கி. நடுவில் மட்டும், பிற்பாடு சிவப்பு மையால் வரைந்த ஒன்று மேல்நோக்கி.