பழங்குடி மொழிப் படங்களை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு

முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது பழங்குடி மொழிப் படங்களும் நாட்டார் கதைகளும். இந்த வருஷம் அதே பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படங்களைக் குவிக்காதீர்கள், இரண்டு போதும். நான் எடுத்தவை இரண்டும் கனடாப் படங்கள்: 'அடநார்ஜுவாட்' (2001), 'எட்ஜ் ஆஃப் தி நைஃப்' (2018).

முதலாவது, ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழிப் படம். அங்குள்ள இக்லூலிக் ஊர்க்காரர்கள் நடித்தது. சக்கரியாஸ் குனுக் இயக்கியது. கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான கேமரா டோர் விருது வாங்கியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திரைக்கதையாசிரியர் பால் அபாக் அங்கிலிர்க், ஊர்ப் பெரியவர்கள் பலரை ஒரே நாட்டார் கதையைச் சொல்லவைத்துப் பதிவுசெய்து, அந்த வடிவங்களிலிருந்துதான் திரைக்கதையைக் கட்டினார். படம் முடியும் முன்பே, 1998இல் இறந்துபோனார்.

என் ஆய்வேட்டுக்கு உயிர் கொடுத்தது முடிவுக் காட்சி. வாய்மொழிக் கதையில் நாயகன் பகைவர்களைக் கொன்று பழிதீர்க்கிறான். படத்திலோ கொலை இத்தோடு நிற்கட்டும் என்கிறான். பகைவர்களை ஊர் விலக்கிவைக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், இதைத்தான் பிடித்தார்: "கதையையே மாற்றியபின் இது எப்படிப் பண்பாட்டு மீட்பு?" மாற்றியவர்கள் அந்தக் கதைக்கு உரியவர்கள், காலத்துக்கேற்பச் சொல்வது வாய்மொழி மரபின் இயல்பு என்றேன். இதே வேலையை வெளியாள் செய்திருந்தால் இந்த வாதம் நிற்காது. உங்களிடமும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

வெளியாள் எடுத்ததற்கு எடுத்துக்காட்டாக, இனுயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'நானூக்' (1922) உதவும். அதில் நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். பெயரைக்கூட வெளியாள் வைத்தார்.

இரண்டாவது படம், கனடாவின் மேற்குக் கரையோரப் பழங்குடிகளான ஹைடா மக்களின் மொழியில். அதைச் சரளமாகப் பேசுவோர் இருபது பேர் அளவில்தான் இருந்தார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோருக்கு மொழி தெரியாது. முகாம் போட்டு, மூத்தவர்கள் வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். இக்லூலிக்கிலும் கரிபூ (ஆர்க்டிக் மான்), சீல் தோல் உடுப்புகளை உள்ளூர்ப் பெண்களே பழைய முறையில் தைத்தார்கள். என்னைக் கேட்டால், பண்பாடு மீள்வது முதலில் படப்பிடிப்புத் தளத்தில்தான். ஆகவே கதைச்சுருக்கத்தைக் குறைத்து, படம் எடுத்ததால் அந்த ஊரில் யார் எதைக் கற்றார்கள் என்பதற்குத் தனி இயல் ஒதுக்குங்கள்.

சப்டைட்டிலை வைத்துக்கொண்டு மொழிநடையைப் பற்றி எழுத வேண்டாம். இனுயிட் படங்கள் 'இசுமா டிவி' இணையதளத்தில் கிடைக்கின்றன; விமர்சனங்களுக்கு முன் இயக்குநர்களின் பேட்டிகளைப் படித்துவிடுங்கள்.