பச்சை லைட் காட்டிக் கொடுத்த கள்ளன்

கொக்குவிலில் தெரிந்த அண்ணை ஒருவரின் ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களைச் சேமிக்க ஒரு சர்வர் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ராஸ்பெரி பை 4 என்ற ஒரு சின்னக் கணினி, அதில் என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் ப்ரொக்சி, அதாவது வருவதை வாங்கி சர்வருக்குக் கடத்திவிடும் மென்பொருள். "தம்பி, 18 ஜிபி பைல் ஏத்த அரை மணித்தியாலத்துக்கு மேல எடுக்குது, 100 வீதம் எண்டு காட்டிப்போட்டும் அசையாமல் நிக்குது" என்று போன் எடுத்தார். வயரை மாற்றிப் பாருங்கோ என்று சொல்லித் தப்பப் பார்த்தேன், விடவில்லை.

போய் நெட்வேர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் செக்கனுக்கு 940 மெகாபிட், ஆகவே வயரில் குற்றமில்லை. சர்வருக்கு நேரே ஏற்றினால் மூன்று நிமிடம், ப்ரொக்சி வழியே போனால்தான் செக்கனுக்கு 11 எம்பி. எம்டியூ (பொட்டல அளவு), ஜிசிப் (சுருக்கல்) என்று கண்டதையெல்லாம் கிளறி ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன். பிளேன்ரீ கொண்டுவந்த பெடியன்தான் "அண்ணை, இந்தப் பச்சை லைட் ஏன் விடாமல் மினுங்குது?" என்றான்.

அது ராஸ்பெரி பையின் மெமரி காட் வேலை செய்யும்போது மினுங்குகிற லைட். வந்ததை அப்படியே கடத்திவிட வேண்டிய பெட்டிக்கு மெமரி காட்டில் என்ன வேலை? காட்டில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன், இடம் கண்முன்னே குறைகிறது, ஆனால் என்ஜின்எக்ஸின் தற்காலிக போல்டரில் ஒன்றுமே இல்லை. திறந்திருக்கும் பைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: பைலைத் திறந்த கையோடு அதன் பெயரை அழித்துவிட்டு உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறது. 18 ஜிபியும் காட்டில் இறங்கி முடிந்த பிறகே சர்வருக்கு அனுப்பத் தொடங்கும், 100 வீதத்தில் நின்றது அதனால்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏற்றும்போது 500 பிழை வருகிறது என்று அண்ணை முந்தியே சொன்னவர், 32 ஜிபி காட் நிரம்பியிருக்கிறது, நான்தான் காதில் போடவில்லை.

இப்படி முழுவதையும் சேர்த்து வைத்து அனுப்பச் சொல்லும் ப்ரொக்சி ரிக்குவெஸ்ட் பஃபரிங் என்ற அமைப்பை ஓஃப் ஆக்கினேன். ப்ரொக்சி எச்டிடிபி வெர்ஷனையும் (சர்வரோடு பேசும் நெறிமுறையின் பதிப்பு) 1.1 என்று போட்டேன், இல்லாவிட்டால் துண்டு துண்டாக, மொத்த அளவு சொல்லாமல் வரும் அப்லோட்களைப் பழையபடி சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கும். ரீலோட் செய்து ஏற்றிப் பார்த்தால் செக்கனுக்கு 55 எம்பி, ஐந்தரை நிமிடம். மிச்ச வேகம் எங்கே என்றால், பை 4 இன் சிப்பில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கென்று தனி வன்பொருள் வசதி இல்லை, எச்டிடிபிஎஸ் இணைப்பின் குறியாக்கம் முழுவதையும் சிபியு தானே மாரடிக்க வேண்டும். பை 5 இல் அது இருக்கிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "முதல் இந்தக் காட்டை மாத்தித் தாரும்" என்றார் அண்ணை.